தொட்டி நிறைந்து வழியும் வரை

ஜூன் 3, காலை 8.20

புது நோட்டு, புதுப் பேனா, புது முறை! கை பரபரக்கிறது.

நோட்டை வாங்கிக் கொடுத்தது எங்கள் நிலைய அலுவலர் திலகவதி மேடம். கருங்காட்டுப்பாளையம் தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டி, பம்பையும் இயக்குகிற சென்னியப்பனாகிய நான் ஒரு மாதம் இதில் எழுத வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன், உடம்பு எப்படி, மனசு எப்படி, எல்லாம். எங்களுக்கு எழுத வராதுங்க மேடம் என்று இரண்டு பேர் தலையைச் சொறிந்தார்கள். பொய் வராமல் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாக இருபத்து நாலு மணி நேரம் வேலை, இருபத்து நாலு மணி நேரம் ஓய்வு. இன்று முதல் நாற்பத்தெட்டு வேலை, நாற்பத்தெட்டு ஓய்வு. ஒரு மாதம் பரீட்சை. ஜூலை 3 அன்று எல்லாருடைய நோட்டையும் படித்துவிட்டு மேடம் மேலிடத்துக்கு எழுதுவார். கடைசிப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘இம்முறை தொடரலாமா? ஆம் / இல்லை. காரணம்.’ நான் இப்போதே ‘ஆம்’ மேல் டிக் அடித்துவிட்டேன். மையில்! காரணம் எழுத நாலு வரி விட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு சொல் போதும். ஆதிரை.

ஆதிரை என் மகள். ஐந்து வயது. அவள் அம்மா கோகிலவாணி மலைமேல் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் டீச்சர். மூன்று பஸ் மாறி ஆறரை மணி நேரம். இருபத்து நாலு மணி நேர ஓய்வில் போய்ச் சேர்ந்து ஒரு வாய் காபி குடித்தால் திரும்பி ஓடி வர வேண்டும். அதனால் போவதே அபூர்வம். அவர்கள் மலைக்குப் போன எட்டு மாதத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். போன மாதம் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் என்னைப் பற்றி ‘போன்ல இருக்கிற அப்பா’ என்று சொன்னாளாம். கோகிலா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி நாலு நாளுக்கு ஒரு முறை போவேன். நேரில் இருக்கிற அப்பா!

ஜூன் 4

ஒரு பாம்பு, ஒரு கிணற்று ஆடு, ஒரு குப்பைமேட்டுத் தீ. தூக்கம் ஏழு மணி நேரம். நாற்பத்தெட்டு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை.

எங்கள் அணியில் எதிர்க்கட்சி ஒருவர்தான். முன்னணி தீயணைப்பாளர் பொன்னுரங்கம் அண்ணன். தீ விபத்துக்குப் போனால் அவர் சொல்வதுதான் சட்டம். அவருக்கு இரண்டு கறவை மாடு. அவர் கை பட்டால்தான் சுரக்குமாம், அண்ணி பக்கத்தில் போனால் உதைக்கிறதாம். ஒரு நாள் சமாளிக்கலாம், இரண்டு நாள் முடியாது என்கிறார். மாட்டுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க அண்ணா, அதுவும் எழுதட்டும் என்றேன். துண்டால் அடித்தார்.

ஆளுங்கட்சி கென்னடி. ஏணியில் ஏறிக் குழாயைப் பிடிப்பதில் இந்த ஜில்லாவிலேயே அவன்தான் கில்லாடி. ஓய்வு நாளில் பந்தல் போடும் தொழில் செய்கிறான். இரண்டு நாள் சேர்ந்து கிடைத்தால் கல்யாண ஆர்டர் முழுசாக எடுக்கலாம் என்று குதிக்கிறான்.

ஜூன் 6, மலை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பள்ளி வாசலில் நின்றவள் என்னைப் பார்த்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பத்து நிமிஷம்தான். பிறகு தோளைவிட்டு இறங்கவே இல்லை.

வண்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். சைரன் எப்படிக் கத்தும், தண்ணீர் எங்கிருந்து வரும். எங்கள் நிலையத்து வழக்கத்தையும் சொன்னேன். தீயை அணைத்துவிட்டுத் திரும்பினால் ஓட்டுநர் முதலில் தொட்டியை நிரப்ப வேண்டும். நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர். மேல்மூடி வழியாகத் தண்ணீர் பொங்கி, வண்டியின் பக்கவாட்டில் வழிந்து தரைக்கு வரும். அந்தத் தண்ணீரில் கால் கழுவிவிட்டுத்தான் படியேற வேண்டும். அளவுகாட்டிக் குழாய் இருக்கிறதுதான், ஆனால் அதை யார் நம்புவது? எனக்கு முன் இருந்த ஓட்டுநர்களும் இப்படித்தான். கால் நனையாமல் எவனும் உள்ளே வந்ததில்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்துவாள், ஒரு செம்புத் தண்ணீரை சீட்டின் மேல் ஊற்றுவாள், வழிகிற தண்ணீரில் காலைக் காட்டுவாள், வீட்டுக்குள் வருவாள். இருபது தடவை! கோகிலா என்னை முறைத்தாள். குடத்தில் பாதி காலி.

ஜூன் 8

குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நிலையத்துக்கு வந்து போகிற பஸ் செலவு பாதி, குளிர்ந்த சோறு தின்பது பாதி. ஒரு நாள் முழுக்க ஓய்வு என்றால் அதில் பாதி நாள் தூங்கியே போய்விடும், மீதிப் பாதி நாள் அடுத்த வேலையை நினைத்தே போய்விடும். இரண்டு நாள் என்றால் இரண்டாம் நாள் உண்மையிலேயே மனுஷனுக்குச் சொந்தம். இதைக் ‘காரணம்’ பகுதியில் எழுதலாம், நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 12

காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. பீடித் துண்டு விழுந்தால் போதும், காடே எரிகிறது. நேற்றும் இன்றும் சேர்த்து ஒன்பது அழைப்பு. தூக்கம் முந்தாநாள் ஏழு, இன்று இரண்டரை. உடம்பு திடகாத்திரம்.

டீ போட்டதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. யாரோ டப்பாவை மாற்றி வைத்திருக்கிறார்கள். போட்டது நான்தான்.

ஜூன் 14, மலை

பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிட்டோம்! மைதானத்தில் பின்னாலேயே ஓடினேன். சீட்டைப் பிடித்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே விட்டுவிட்டேன். கொடிக்கம்பம் வரை போய்த்தான் திரும்பிப் பார்த்தாள், நான் இல்லை என்று தெரிந்ததும் விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு. அழவில்லை. நான்தான் கொஞ்சம்.

ஜூலை 4 பள்ளியில் விளையாட்டு விழா. மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் சேர்ந்திருக்கிறாள். நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஜூலை 3 காலை எட்டு மணிக்கு வேலை முடிகிறது. நாலாம் தேதி முழுக்க ஓய்வு. பழைய முறையாக இருந்திருந்தால் வர முடியாது. வர்றேன் சாமி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மதியம் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் தூங்கிப்போனேன். எழுந்தபோது பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் பாக்கி. எழுப்ப வேண்டாம்னு அவதான் சொன்னா என்றாள் கோகிலா. எனக்குப் போர்வை போத்திவிட்டு, நாலு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

ஜூன் 16

பதினொரு அழைப்பு. கோழிப்பண்ணை ஒன்று. நாற்றம் இன்னும் மூக்கில். தூக்கம் மூன்று மணி நேரம்.

ஜூன் 16

பதினொரு அழைப்பு. கோழிப்பண்ணை ஒன்று. நாற்றம் இன்னும் மூக்கில்.

(மேலே உள்ளதை ஏற்கெனவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பரவாயில்லை, ஆர்வக் கோளாறு.)

ஜூன் 20

பொன்னுரங்கம் அண்ணனின் ஒரு மாடு பால் வற்றிவிட்டது. விற்கப் பேசுகிறார். பாவமாக இருந்தது, கிண்டல் பண்ணவில்லை. சாப்பிடும்போது சொன்னார், “ரெண்டாவது நாளு சாயங்காலம் உன்ற கண்ணப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது சென்னி.” கண் சிவந்தால் என்ன, புகைதானே என்றேன்.

என் நோட்டைக் கென்னடி எட்டிப் பார்த்தான். அவன் தினமும் ‘தூக்கம் 7 மணி, உடல்நலம் நன்று’ என்று ஒரே வரியை எழுதுகிறானாம். முப்பது நாளுக்கும் முதல் நாளே எழுதி வைத்துவிட்டானாம். நான்தான் பரீட்சைக்குப் படிக்கிற பையன்போல் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

ஜூன் 24

பஞ்சுக் கிடங்கு. ஒன்பது மணி நேரம் பம்ப் ஓடியது. நின்றது பம்ப், விழுந்தேன் நான். விழவில்லை, உட்கார்ந்தேன். என்ன ஒரு தீ! என்ன ஒரு வேலை! இந்த வேலைக்கு வந்ததற்கு இன்னொரு முறை சந்தோஷப்பட்டேன்.

திரும்பும்போது ரயில்வே கேட் எப்போது தாண்டினோம் என்று ஞாபகமில்லை. வழி தெரிந்த வண்டி.

ஜூன் 29, விடியற்காலை 3.50

நாற்பத்து நாலாவது மணி நேரம். தென்னந்தோப்பில் மட்டைக் குவியல். அணைத்துவிட்டு வந்து வண்டியை நிறுத்தினேன், பதிவேட்டில் வழக்கம்போல் ‘தண்ணீர் நிறைவு’ எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் நாலு மணி நேரம், அப்புறம் மலை! காலை பஸ்ஸில் சன்னலோர சீட்

ஜூன் 29, மாலை, பஸ்ஸில்

காலை 6.20க்குத் தறிக் குடோனில் தீ. நூல் கோன்கள். மேலே தகரக் கூரை அறையில் இரவு ஷிப்டு முடித்து நான்கு தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பம்பில் சிறு கோளாறு. பக்கத்துக் கிணற்றில் குழாயை இறக்கி இறைத்தோம். நால்வரும் பிழைத்தார்கள்.

கென்னடிக்குக் கையில் காயம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வரத் தாமதம். சன்னலோர சீட் கிடைக்கவில்லை.

காலையில் எழுந்தபோது என் போர்வையெல்லாம் கரி. தோய்க்கப் போட வேண்டும்.

ஜூன் 30, மலை

ஆதிரை நன்றாக ஓட்டுகிறாள். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம் என்று எல்லாருக்கும் விளக்குகிறாள்.

நேற்று ராத்திரி நான் வந்து சேர்ந்தபோது வாசற்படியில் குறுக்கே நின்றாள். பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை. “அப்பா, கால் கழுவுனீங்களா?”

கழுவினேன் கண்ணு என்றேன்.

குனிந்து பார்த்தாள். கரி அப்பிய கால். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்தவன். விரலிடுக்கில், நகத்தில், கணுக்காலில், எல்லா இடத்திலும்.

“பொய் சொல்றீங்க,” என்றாள். செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். அவள் ஊற்ற நான் கழுவினேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. அவளுக்கு அது விளையாட்டு.

இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. தூக்கம்: 0.

ஜூலை 1, வேலை

கென்னடியைப் பார்த்துவிட்டு வந்தேன். வலது முன்கை முழுக்கக் கட்டு, காது மடலில் கொப்புளம். இந்த முகூர்த்தத்துக்குப் பந்தல் போட முடியாது. என்னைப் பார்த்ததும் அவன்தான் ஆறுதல் சொன்னான். பம்பு மக்கர்னு அண்ணன் அறிக்கை எழுதிட்டாரு, நானும் அதுலதான் கையெழுத்துப் போட்டேன், நீ வாயத் தொறக்காத என்றான். பிறகு, “இந்த மொறை போயிருச்சுன்னா எனக்கும் நஷ்டந்தான. உன்ற புள்ள வேற இருக்குது,” என்றான்.

திரும்பி வந்து அண்ணனிடம் பேசினேன். மாட்டையே விற்கப் பேசுகிறவர், இந்த முறை ஒழியட்டும் என்று தினமும் வேண்டுபவர். அவர் நினைத்திருந்தால் ஒரே வரியில் உண்மையை எழுதி இதை நிறுத்தியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். எழுதினா மொறை மட்டுமா போகும், நீயும் போயிருவ என்றார். அப்புறம் மாட்டுக்குத் தீவனம் வாங்குவது பற்றிப் பேசினார்.

ஜூலை 2

எழுதிவிடுகிறேன்.

பம்பில் கோளாறு இல்லை. பம்ப் தங்கம். தொட்டியில் தண்ணீர் இல்லை.

29ஆம் தேதி விடியற்காலை தென்னந்தோப்பிலிருந்து திரும்பியபோது தொட்டி காலி. நான் நிரப்பவில்லை. நிரப்பியதாக நினைத்தேனா, நிரப்பப் போகிறேன் என்று நினைத்தேனா, இன்று வரை தெரியவில்லை. பதிவேட்டில் ‘நிறைவு’ என்று எழுதியது கை. படுத்தது உடம்பு. கால் கழுவவில்லை. போர்வையில் இருந்த கரி அதுதான். எழுந்ததும் அதைப் பார்த்தேன். மணி அடித்ததால் யோசிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பார்த்தேன் என்பதுதான் உண்மை.

குடோனில் கென்னடி ஏணியில் ஏறி, குழாயோடு சன்னல் வழியாக உள்ளே போய்விட்டான். தண்ணி விடு என்று கையைக் காட்டினான். வால்வைத் திறந்தேன். குழாய் ஒரு முறை இருமிவிட்டுத் தரையில் துணிபோல் கிடந்தது. அழுத்தமானியில் பூஜ்யம். எனக்கு அந்த முள்ளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அண்ணன் வந்து அளவுகாட்டியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். திட்டவில்லை. “கெணத்துல எறக்கு,” என்றார், அவ்வளவுதான்.

உறிஞ்சு குழாயை இறக்கி, இணைத்து, காற்றை வெளியேற்றித் தண்ணீர் ஏற ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் கென்னடி தண்ணீர் இல்லாமல் புகைக்குள் இருந்தான். குழாயைப் போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பிச் சன்னலுக்குத் தள்ளினான். நான்காவது ஆளை இழுக்கும்போதுதான் எரிந்துகொண்டிருந்த சட்டம் அவன் கைமேல் விழுந்தது. அந்த நான்காவது ஆளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கீழே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பாஷையில் ஏதோ சொன்னான், நன்றி போலிருக்கிறது. எனக்கு!

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். உப்பு டீ, ரயில்வே கேட், இரண்டு ஜூன் 16. எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். சந்தோஷத்தில் எனக்கே தெரியவில்லை. பக்கங்களைக் கிழிக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். கென்னடியைப் போல் ‘உடல்நலம் நன்று’ என்று முப்பது வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. முறை தொடரும். மாதம் ஏழு தடவை ஆதிரை.

இன்னொரு தடவை தொட்டி காலியாகப் போனால், மேலே இருப்பவன் கென்னடியைப் போல் இருப்பானா? மேலே தூங்குகிறவர்களுக்கு வெறும் ஆறு நிமிஷம் மட்டுமே போகுமா?

ஜூலை 3, காலை 7.35

ராத்திரி இரண்டு அழைப்பு. ஐந்து மணிக்கு வந்தோம்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மையில் போட்ட டிக் அழியாது. அதன் மேல் கோடு போட்டேன். ‘இல்லை’ மேலும் டிக் அடிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் அதுவும் முழு உண்மை இல்லை. காரணத்துக்கு விட்ட நாலு வரியில் இப்படி எழுதினேன்:

‘நாற்பத்தெட்டு மணி நேர ஓய்வு எனக்கு என் மகளைத் திருப்பிக் கொடுத்தது. நாற்பத்தெட்டு மணி நேர வேலை நான்கு உயிரைக் குடிக்கப் பார்த்தது. ஓய்வை அப்படியே விட்டு வேலையை இருபத்து நாலாகக் குறைக்க இன்னொரு அணி வேண்டும் மேடம். ஆள் இல்லை என்பீர்கள். அதைக் கேட்டு எழுதுங்கள். ஜூன் 29 தவறு என்னுடையது, பம்பினுடையது அல்ல. அண்ணனையும் கென்னடியையும் ஒன்றும் செய்ய வேண்டாம்.’

நாலு வரிக்கு மேல் போய்விட்டது. ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

என்ன ஆகும் என்று தெரியும். விசாரணை. மெமோ. வண்டியை விட்டு இறக்கலாம். அதெல்லாம் நடப்பதற்கு முன்பே பழைய முறை திரும்பிவிடும், நான் மறுபடி போன்ல இருக்கிற அப்பா ஆகிவிடுவேன். 9.10 பஸ்ஸைப் பிடித்தால் நாளைக்கு விளையாட்டு விழா. மேடம் நோட்டைப் படித்துவிட்டு உட்காரச் சொன்னால் அதுவும் இல்லை. எட்டு மணிக்குப் பிறகு, ஓய்வு நேரம் தொடங்கிய பின் கொடுத்துவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததையும் எழுதிவிட்டேன்.

சற்று முன் போன் அடித்தது. ஆதிரை. இன்றைக்கு வருகிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, வருவேன் என்று அவ்வளவு நம்பிக்கை. ஹெல்மெட்டுக்கு மஞ்சள் ரிப்பன் கட்டியிருக்கிறாளாம், அதை மூச்சு விடாமல் சொன்னாள். எனக்கும் கை பரபரக்கிறது, முதல் நாள் போலவே. பயமா, சந்தோஷமா, பிரித்துப் பார்க்க நேரமில்லை. போனை வைக்கும் முன் வழக்கமான கேள்வி.

“அப்பா, கால் கழுவுனீங்களா?”

கழுவினேன் என்றேன். ஐந்தரை மணிக்கே கழுவிவிட்டேன். அப்போது அண்ணன் படியில் நின்று தொட்டி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி 7.48. மேடம் வந்துவிட்டார், ஸ்கூட்டர் சத்தம் கேட்கிறது. கொடுத்துவிட்டு வருகிறேன்.